மெழுகிலிருந்து சிலிக்கோன் வரை: மார்பகச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

புகலிடத்தில் வெளிவந்த எமது சஞ்சிகைகளில் பெண்ணின் மார்பு கவிதைகளுக்குள் நிறையவே வந்திருக்கிறது. உவமையாக, கோபமாக, பால் சுரக்கும் தாய்மையாக வந்திருக்கிறது. ஆனால் கத்தி வைக்கப்படுகிற, தையல் போடப்படுகிற, விலை பேசப்படுகிற ஓர் உறுப்பாக அது கட்டுரைகளுக்குள் வந்தது குறைவு. அழகுக்காக மார்பில் செய்யப்படும் சத்திரசிகிச்சை பற்றிக் கதை எழுந்தால் எங்கள் மத்தியில் இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஒன்று, 'இது வெள்ளைக்காரிகளின் வேலை, எங்கட பெண்களுக்கு ஏன்?' என்ற கலாச்சாரக் காவலரின் குரல். மற்றது, 'ஆணாதிக்கத்தின் கண்ணுக்காக உடலை வெட்டிக்கொடுப்பது' என்ற முற்போக்குக் குரல். இரண்டு குரல்களுக்கும் பதில் தெரிந்திருப்பதால், சம்பந்தப்பட்ட பெண்ணிடம் எதையும் கேட்க வேண்டிய தேவை இருப்பதில்லை.

ஆனால் பெண்கள் கேட்கிறார்கள். நாங்கள் வேலைசெய்யும் பாரிஸ் றெஸ்ரோறன்ற் குசினிகளின் பின்கதவடியில், மத்தியான சேவிஸ் முடிந்து இரவுச் சேவிஸ் தொடங்கும்வரை கிடைக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில், கேட்கிறார்கள். மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தபின் கண்ணாடியில் தன் உடலை அடையாளம் தெரியவில்லை என்கிறவர் இருக்கிறார். பாரமான மார்பினால் தோளிலும் முதுகிலும் வலியெடுத்து, தட்டுச் சுமக்க முடியாமல் இருப்பவர் இருக்கிறார். புற்றுநோயினால் ஒரு மார்பை இழந்தவர் இருக்கிறார். இங்கேயே பிறந்து, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிற இளம்பெண்ணும் இருக்கிறார். எங்கள் கையில் ஒரு கடுதாசியைத் தந்து 'அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ' என்கிறார்கள். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கோப்பை கழுவுகிற எங்களுக்கு மருத்துவம் தெரியாது. வாசிக்கத் தெரியும். வாசித்ததில் கிடைத்த வரலாற்றை இங்கே எழுதுகிறோம். டொக்டரிடம் போவதற்கு முன்னர் ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகளில் அநேகமானவை இந்த வரலாற்றுக்குள்தான் இருக்கின்றன என்பது எங்கள் எண்ணம்.

மெழுகும் போரும்

1895இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கட்டி அகற்றப்பட்ட ஒரு மேடைக்கலைஞரின் மார்பை, அவரது முதுகுப் பக்கத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்து நிரப்பினார். மார்பை மீள்உருவாக்கியதாகப் பதிவாகியுள்ள முதல் சத்திரசிகிச்சைகளில் ஒன்று இது. இதில் கவனிக்கவேண்டியது, நிரப்பப்பட்டது அந்தப் பெண்ணின் சொந்தச் சதை என்பது. அடுத்துவந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. 1899இல் வியன்னாவின் றொபேட் கெர்சுனி பரபின் மெழுகை ஊசியால் உடலுக்குள் செலுத்தும் முறையை ஆரம்பித்தார். விரைவானது, மலிவானது, கத்தி தேவையில்லை. கொஞ்சக் காலத்திலேயே அது பெண்களின் முகங்களுக்கும் மார்புகளுக்கும் போனது. பிறகு அந்த மெழுகு உடலுக்குள் நகர்ந்தது, கட்டிபட்டது, தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வெளியே வந்தது. மார்பையே வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு.

முதலாம் உலகயுத்தம் முகம் சிதைந்த ஆயிரக்கணக்கான படையினரை ஐரோப்பாவுக்குத் திருப்பி அனுப்பியது. பாரிஸின் வால்-து-கிறாஸ் இராணுவ வைத்தியசாலையில் அவர்களின் தாடையையும் மூக்கையும் கட்டியெழுப்பிய அனுபவத்தில்தான் நவீன உருவமைப்புச் சத்திரசிகிச்சை வளர்ந்தது. யுத்தம் முடிய அதே கைத்திறன் அழகின் பக்கம் திரும்பியது. இங்கே ஒருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். சுசான் நோயல் என்ற பிரெஞ்சுப் பெண் வைத்தியர், பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தவர். 1926இல் அழகுச் சத்திரசிகிச்சையின் சமூகப் பாத்திரம் பற்றி ஒரு நூல் எழுதினார். வயது முகத்தில் தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் சாப்பாடு போய்விடும் என்ற நிலையில் இருந்த பெண்களைப் பற்றி அவர் பேசினார். ஒரு பெண்ணியவாதி கத்தியைக் கையில் எடுத்ததற்குக் காரணம் அந்தப் பெண்களின் கூலி. எங்கள் முற்போக்கு நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சிலிக்கோனும் யுத்தத்தோடு வளர்ந்த பொருள்தான். 1943இல், இரண்டாம் உலகயுத்தத்தின் நடுவில், டவ் கெமிக்கல், கோர்னிங் என்ற இரு அமெரிக்கக் கம்பனிகள் சேர்ந்து டவ் கோர்னிங் கம்பனியை உருவாக்கின. போர்விமானங்களின் மின்தொகுதிக்குள் ஈரம் புகாமல் தடுக்கும் சிலிக்கோன் பசை அதன் ஆரம்ப உற்பத்திகளில் ஒன்று. யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் திரவச் சிலிக்கோனைப் பெண்களின் மார்புக்குள் ஊசியால் ஏற்றத் தொடங்கினார்கள். பின்னர் இந்தப் பழக்கம் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் இரவு விடுதிகளுக்குப் போனது. மெழுகுக்கு நடந்ததே இதற்கும் நடந்தது. 1970களில் நெவாடா மாநிலம் இந்த ஊசியைச் சட்டவிரோதமாக்கியது.

ஹொஸ்ரன், 1962

இன்று நாம் காணும் சிலிக்கோன் பையின் வரலாறு ரெக்சஸ் மாநிலத்தின் ஹொஸ்ரன் நகரில் தொடங்குகிறது. ஃபிராங்க் ஜெரோ என்ற இளம் டொக்டர், இரத்தம் நிரப்பிய பிளாஸ்ரிக் பை ஒன்றைக் கையில் பிடித்தபோது அது மார்பைப்போல் இருக்கிறதே என்று எண்ணினார் என்பார்கள். அவரும் தோமஸ் குரோனினும் டவ் கோர்னிங்கின் உதவியுடன் சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் ஜெல்லை அடைத்தார்கள். முதலில் எஸ்மரெல்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். அடுத்து ஒரு பெண் தேவைப்பட்டார்.

அந்தப் பெண் ரிம்மி ஜீன் லின்ட்ஸி. தொழிற்சாலைத் தொழிலாளி, ஆறு பிள்ளைகளின் தாய், விவாகரத்தானவர். ஏழைகளுக்குச் சிகிச்சை தரும் ஜெபர்சன் டேவிஸ் வைத்தியசாலைக்கு, மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கப் போனவர். மார்பைப் பெரிதாக்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. டொக்டர்கள்தான் கேட்டார்கள். தனக்கு விருப்பமெல்லாம் வெளியே நீட்டி நிற்கும் காதுகளைச் சரிசெய்வதுதான் என்று அவர் சொன்னார். காதையும் சேர்த்துச் செய்து தருகிறோம் என்றார்கள். 1962ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. ஐம்பது வருடங்களின் பின்னர் பேட்டி கண்டவர்களிடம் இந்தக் கதையை அவரே சொன்னார்.

ஒரு பொருள் முதலில் வந்தது. அதற்கான தேவை பிறகுதான் வந்தது. அந்தத் தேவையைப் பரீட்சித்துப் பார்க்க ஓர் ஏழைப் பெண் இலவச வைத்தியசாலையில் கிடைத்தார். அந்தப் பெண் அதற்காக அழுதுகொண்டிருந்தார் என்று நாங்கள் சொல்லவரவில்லை; மாற்றத்தை அவர் விரும்பியதாகவும் சொல்லியிருக்கிறார். எங்கள் கவனம் வேறு: யார் முதலில் கேட்டது? இந்தக் கேள்வி இன்றைக்கும் செல்லும். சின்ன மூக்குப் பிரச்சினைக்காகப் போன பெண்ணிடம் 'மார்பையும் பார்க்கலாமே' என்று யாராவது சொன்னால், ஹொஸ்ரன் வைத்தியசாலை ஞாபகத்துக்கு வரவேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு

1976 வரைக்கும் அமெரிக்காவில் உடலுக்குள் வைக்கப்படும் இத்தகைய சாதனங்களை விற்பதற்கு முன் அவை பாதுகாப்பானவை என்று நிரூபிக்கும் கட்டாயம் இருக்கவில்லை. அந்த ஆண்டு சட்டம் வந்தபோது, ஏற்கெனவே சந்தையில் இருந்ததால் மார்புப்பைகள் தொடர்ந்தும் விற்கப்பட்டன. 1982இல் கட்டுப்பாட்டை இறுக்க அதிகாரசபை யோசித்தபோது, அமெரிக்க உருவமைப்புச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் ஒரு வாதத்தை எழுதிக் கொடுத்தது. சிறிய மார்பு என்பது ஓர் அங்கக்குறை, சொல்லப்போனால் ஒரு நோய் என்பது அதன் சாரம். உலகத்தில் பாதிப் பெண்கள் ஒரு கடிதத்தால் நோயாளிகளானார்கள்!

1984இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் டவ் கோர்னிங்குக்கு எதிராக வழக்கில் வென்றார். கம்பனியின் உள்ளகக் கடிதங்கள் அந்த வழக்கில் வெளிவந்தன, ஆனால் அவை பொதுமக்கள் பார்க்கமுடியாதபடி முத்திரையிடப்பட்டன. 1992இல்தான் அவை பகிரங்கமாயின. அவற்றில் 1975ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. டொக்டர்களுக்குக் காட்டும் மாதிரிப் பைகளைக் கையில் பிசையப் பிசைய அவற்றின் மேல் எண்ணெய் கசிகிறது. ஆகவே விற்பனையாளர்கள் அருகிலுள்ள கழுவுமிடத்தில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்துவிட்டுக் காட்டவும் என்பது அதன் பொருள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகள் கழுவுகிற எங்களுக்கு எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கழுவினால் கோப்பையில்தான் போகும். உடலுக்குள் இருக்கும் பையை யார் கழுவுவது?

1992இல் அமெரிக்க அதிகாரசபையின் தலைவர் டேவிட் கெஸ்லர் சிலிக்கோன் ஜெல் பைகளின் விற்பனையை நிறுத்தினார். மார்பு மீள்உருவாக்கத்திற்கும் ஆய்வுகளுக்கும் மட்டும் அனுமதி இருந்தது. 1994இல் 425 கோடி டொலர் நட்டஈட்டுத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. 1995இல் டவ் கோர்னிங் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

வரலாறு எழுதுபவர்கள் தங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதக்கூடாது. 1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வெளியிட்ட பெரிய அறிக்கை, சிலிக்கோன் பைகள் உடல் முழுவதையும் தாக்கும் நோய்களை உண்டாக்குகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: பை கிழிதல், பையைச் சுற்றி உடல் உருவாக்கும் சவ்வு இறுகி மார்பு கல்லாதல், தொற்று, மறுபடி மறுபடி சத்திரசிகிச்சை ஆகியனதான் உண்மையான, அடிக்கடி நேரும் பிரச்சினைகள். 2006இல் அமெரிக்காவில் ஜெல் பைகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

லா செய்ன்-சூர்-மேர்

இனி நாங்கள் வாழும் நாட்டுக்கு வருவோம். தெற்கே, துலோன் நகரத்துக்குப் பக்கத்தில், லா செய்ன்-சூர்-மேர் என்ற ஊரில், முன்னர் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்த ஜோன்-குளோட் மாஸ் என்பவர் 1991இல் பி.ஐ.பி என்ற கம்பனியைத் தொடங்கினார். மார்புப்பை செய்வது அதன் தொழில். உலகச் சந்தையில் பெரிய இடத்தைப் பிடித்தது. அனுமதி பெற்ற மருத்துவ ஜெல்லுக்குப் பதிலாக, அனுமதியே இல்லாத, பல மடங்கு மலிவான, கைத்தொழிற் சிலிக்கோனில் தயாரித்த சொந்தக் கலவையை அது பைகளுக்குள் அடைத்தது.

இதைக் கண்காணிக்க ஒரு நிறுவனம் இருந்தது. ஜேர்மனியின் ரூவ் றைன்லான்ட். ஐரோப்பியத் தரச்சின்னத்தை வழங்கியது அதுதான். ஆனால் அதன் பரிசோதகர்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்தார்கள். அவர்கள் வருமுன் ஆவணங்களும் கொள்கலன்களும் மறைக்கப்பட்டன. றெஸ்ரோறன்றில் சுகாதாரப் பரிசோதகர் நாள் சொல்லிவிட்டு வந்தால் குளிர்ப்பெட்டி எப்படி இருக்கும் என்பதை வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அதிகாரசபையினர் அதே தொழிற்சாலைக்கு வந்து, தயாரிப்பில் குறைகள் கண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். ஐரோப்பாவில் விற்பனை தொடர்ந்தது.

பைகள் வழமைக்கு மாறாகக் கிழிகின்றன என்று சத்திரசிகிச்சையாளர்கள் முறையிட்டபின், 2010 மார்ச்சில் பிரெஞ்சு அதிகாரிகள் உள்ளே போனார்கள். விற்பனை நிறுத்தப்பட்டது, கம்பனி மூடப்பட்டது. அங்கே வேலைசெய்த தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம், கிழிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பைகளை அகற்றுமாறு பெண்களுக்கு ஆலோசனை சொன்னது. பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்கள். உலகம் முழுவதும் 300,000 முதல் 400,000 வரை என்று கணிக்கப்பட்டது. தென்னமெரிக்காவில் பெருந்தொகை.

அரசாங்கம் அகற்றும் செலவை எல்லோருக்கும் ஏற்றது. புதிய பை வைக்கும் செலவை, புற்றுநோய்க்குப் பின் மீள்உருவாக்கம் செய்தவர்களுக்கு மட்டும் ஏற்றது. அழகுக்காகச் செய்தவர்கள் தங்கள் காசில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது இல்லாமல் இருக்க வேண்டும். சேமித்துச் சேமித்துச் செய்த ஒரு கடைச் சிப்பந்திக்கு இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஏமாற்றப்பட்டது இருவரும், ஆனால் ஒருத்தி பாவம், மற்றவள் 'தானே தேடிக்கொண்டவள்'. எங்கள் ஊர்த் திண்ணைப் பேச்சு இங்கே அரசாங்க உத்தரவாகவே வந்தது.

2013இல் மார்செய் நகரில் வழக்கு நடந்தபோது 5,000இற்கும் மேற்பட்ட பெண்கள் முறைப்பாட்டாளர்கள். சாதாரண நீதிமன்றம் போதாமல் கண்காட்சி மண்டபத்தில் நடத்தினார்கள். மாஸுக்கு நான்கு வருடச் சிறையும் 75,000 யூரோ தண்டமும். 2019இல் அவர் இறந்துபோனார். தரச்சின்னம் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்புப் பற்றிய வழக்குகள் பல வருடங்கள் இழுபட்டு, 2021 மே மாதத்தில் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது கவனயீனமாக நடந்தது என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்குகள் நடந்துகொண்டிருக்கும்போதே வேறொன்று தெரியவந்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி, அரிதாக, நிணநீர்த் தொகுதியின் ஒருவகைப் புற்றுநோய் வருகிறது. 2011இல் அமெரிக்க அதிகாரசபை இதைப் பற்றி எச்சரித்தது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் மிகச் சொரசொரப்பான வகைகளைத் தடைசெய்தது. அதே வருடம் ஜூலையில் அலர்கன் கம்பனி தனது அத்தகைய பைகளை உலகம் முழுவதிலுமிருந்து திருப்பி அழைத்தது. 2021 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது: பை வைக்கப்போகும் பெண்ணோடு ஆபத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து, அவள் கையொப்பம் வாங்க வேண்டும். ரிம்மி ஜீன் லின்ட்ஸியிலிருந்து அந்தக் கடுதாசிக்கு வர ஐம்பத்தொன்பது வருடங்கள் எடுத்தன.

றோந்தேவுக்குப் போகுமுன்

எங்களோடு சேவிஸில் நிற்கும் ஒரு பெண், சீட்டு எடுத்த காசோடு ஒரு கிளினிக்கிற்குப் போக ஆயத்தமானார். மொழிபெயர்க்கப் பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தார். தபால் கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பு. 'வேறை ஆரை அக்கா கேக்கிறது? அவரைக் கூட்டிக்கொண்டு போனால் டொக்டர் சொல்லுறதை விட்டிட்டுத் தன்ரை விருப்பத்தைச் சொல்லுவார்' என்றார். தாயின் மார்பைப் பற்றி மகனின் வாயால் கேட்கவும் முடியாது, கணவனின் வாயால் கேட்டால் அது கணவனின் முடிவாகிவிடும். ஆகவே எங்களில் ஒருவர் போவதென்று முடிவாயிற்று. போகுமுன் மேலேயுள்ள வரலாற்றைக் கேள்விகளாக மாற்றி ஒரு கொப்பியில் எழுதினோம்.

முதற் கேள்வி டொக்டருக்கல்ல, தனக்கு. யார் முதலில் கேட்டது? நான் கேட்டேனா, அவர் கேட்டாரா, ரி.வி கேட்டதா? எது என்னை வருத்துகிறது: அளவா, தொய்வா, பாரமா, வடுவா? பதில் மாறினால் சிகிச்சையும் மாறும். தொய்வுக்குப் பை மட்டும் போதாமல் இருக்கலாம். பாரத்துக்குச் செய்வது குறைக்கும் சத்திரசிகிச்சை. ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 300 கிறாம் எடுக்கப்படுமானால் பிரெஞ்சுக் காப்புறுதி அதை ஏற்கிறது. டொக்டர் அதற்குமேல் கேட்கும் தொகை வேறு. புற்றுநோய்க்குப் பின்னான மீள்உருவாக்கத்தையும் காப்புறுதி ஏற்கிறது. அழகுக்கான பெரிதாக்கலை ஏற்பதில்லை. தோள்வலியால் துடித்த எத்தனையோ பேர் இது தெரியாமல் வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைசெய்கிறார்கள்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை: நீங்கள் உருவமைப்புச் சத்திரசிகிச்சையில் பதிவுபெற்ற நிபுணரா? (வைத்தியர் சங்கப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம்.) எந்தக் கம்பனியின் பை, எந்த மேற்பரப்பு, உள்ளே என்ன? எங்கே வெட்டுவீர்கள், வடு எங்கே நிற்கும்? முலைக்காம்பின் உணர்ச்சிக்கு என்ன ஆகும்? இனியொரு பிள்ளை பிறந்தால் பால் கொடுக்கலாமா? பை கிழிந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஜெல் பை சத்தமில்லாமல் கிழியும் என்பதால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தச் செலவு யாருடையது? பை வாழ்நாள் முழுவதற்குமானதல்ல. அடுத்த சத்திரசிகிச்சையின் காசை இன்றே கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனை நாள் பாரம் தூக்கக்கூடாது? எங்கள் தொழிலில் இது பெரிய கேள்வி. முப்பது லீற்றர்ச் சட்டி தூக்குகிறவருக்கு 'கொஞ்சநாள் ஓய்வு' என்ற பதில் போதாது.

சொல்லவேண்டியவையும் உண்டு. புகைத்தல், குடிக்கும் மருந்துகள், குடும்பத்தில் மார்புப் புற்றுநோய், ஊரில் பட்ட காயங்கள், உடலுக்குள் இன்னும் கிடக்கும் சன்னத்துண்டுகள். இவற்றை மறைத்தால் பாதிக்கப்படுவது நாங்கள்தான்.

பிரெஞ்சுச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அழகுச் சத்திரசிகிச்சைக்கு 'டெவி' எனப்படும் விபரமான விலைக்கடிதம் எழுத்தில் தரப்பட வேண்டும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 15 நாட்கள் கழியாமல் கத்தி வைக்கக்கூடாது. அந்த நாட்களுக்குள் ஆலோசனைக் கட்டணத்தைத் தவிர ஒரு சதமும் வாங்கக்கூடாது. 'இன்றைக்கே முற்பணம் கட்டினால் விலைக்கழிவு' என்று சொல்லும் இடத்திலிருந்து எழும்பி வந்துவிடலாம். விமானச் சீட்டோடு சேர்த்து மலிவாகச் செய்து தருகிறோம் என்கிற வெளிநாட்டு விளம்பரங்களில் இந்தப் பதினைந்து நாட்கள் இருப்பதில்லை. பதினாறாம் நாள் சீழ் வைத்தால் பார்க்க அந்த டொக்டரும் இருப்பதில்லை.

அந்தப் பெண் போனார், கேட்டார், டெவியை வாங்கிக்கொண்டு வந்தார். பதினைந்து நாட்களில் அவர் எடுத்த முடிவு அவருடையது, அதை இங்கே எழுதப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. பி.ஐ.பி விவகாரம் வெடித்தபோது, தங்களுக்குள் இருப்பது எந்தக் கம்பனியின் பை என்றே தெரியாத பெண்கள் இருந்தார்கள். பழைய கிளினிக்குகளுக்கு ரெலிபோன் எடுத்துக் கோவைகளைத் தேடவேண்டியிருந்தது. இன்றைக்கு ஐரோப்பியச் சட்டப்படி பையின் பெயர், வகை, தொடரிலக்கம் உள்ள அட்டை ஒன்று நோயாளியின் கையில் தரப்பட வேண்டும். அகதிகளான எங்களுக்குப் பேப்பர் சேர்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்த நாளில் தந்த முதல் துண்டிலிருந்து நிராகரிப்புக் கடிதம் வரைக்கும் ஒரு பிளாஸ்ரிக் கோவைக்குள் வைத்திருக்கிறோம். சத்திரசிகிச்சை செய்கிற பெண் அந்த அட்டையையும் அந்தக் கோவைக்குள்ளேயே வைக்கட்டும். கணவனின் அலுமாரிக்குள் அல்ல, தன் பெயர் எழுதிய கோவைக்குள்.